பட்டமும் பணிக் குறிப்பேடும்

சங்கத்தில் எழுத்தர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது என்ற செய்தி ஊரில் பரவிய மறுவாரமே செயலாளரின் மேசைமீது விண்ணப்பங்கள் குவிந்துவிடுகின்றன. ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், பட்டயம், தட்டச்சு, கணினி என்று ஆறு ஏழு சான்றிதழ்களின் நகல்கள் கோக்கப்பட்டிருக்கும். நிர்வாகக் குழுவினர் அவற்றைப் புரட்டுகிறார்கள், மதிப்பெண்களைப் பார்க்கிறார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அந்தக் காகிதங்கள் அவர்களுக்குத் தெரிய வேண்டியதைத் தெரிவிக்கவில்லை. இந்த இளைஞர் நூல் இருப்புப் பதிவேட்டை அன்றன்றைக்கு எழுதுவாரா, இந்தப் பெண் மாதக் கடைசியில் பேரேட்டைக் கூட்டி இருப்புச் சோதனை எடுப்பாரா என்ற கேள்விக்கு, எழுபத்தெட்டு விழுக்காடு என்ற எண்ணில் விடை கிடையாது.

இது பற்றி அங்கத்தினர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் நிலவுவதை நாம் ஊர்தோறும் காண்கிறோம். “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, பட்டம் வாங்கியவருக்குப் பாவு எது, ஊடை எது என்று தெரியாது” என்பது ஒன்று. “அதிக மதிப்பெண் எவருக்கோ அவரை எடுத்துக்கொண்டால் பின்னால் எவரும் குறை சொல்ல முடியாது” என்பது மற்றொன்று. முன்னது தறிமேட்டிலும் களத்துமேட்டிலும் பேசப்படுவது. பின்னது குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதப்படுவது. இரண்டையும் நாம் ஏற்கவில்லை. பட்டத்துக்குப் பயன் உண்டு. ஆனால் அப்பயன் இன்னதென்று அறிய வேண்டுமானால், பட்டச் சான்றிதழோடு வேறொரு பொருளையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். மாணவர் படித்த காலத்தில் தம் கையால் வேலை செய்து எழுதிய குறிப்பேடே அப்பொருள். ‘ரிக்கார்டு நோட்டு’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். தேர்வு முடிந்தவுடன் பழைய காகிதக் கடைக்குப் போவதும் அதுதான்.

முதலில் சான்றிதழுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். 1844 இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சு பிரபு, அரசாங்க உத்தியோகங்களில் ஆங்கிலக் கல்வி கற்றவர்க்கே முன்னுரிமை என்று அறிவித்தார். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அன்று தொட்டு இந்நாட்டில் பட்டம் என்பது அறிவின் அடையாளமாக இருந்ததைவிட உத்தியோகத்துக்கு நுழைவுச் சீட்டாகவே மிகுதியும் இருந்து வந்திருக்கிறது. இதைப் பலர் குறையாகச் சொல்வர், குறைதான். ஆயினும் அந்தச் சீட்டு இல்லாதிருந்தால் வாயிலுக்குள் போகக் கூடியவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்னாருடைய மகன், இன்னாருக்கு வேண்டியவர் என்ற பரிந்துரையே தகுதியாக இருந்திருக்கும். நெசவாளியின் பிள்ளைக்கும் குத்தகைக்காரரின் பிள்ளைக்கும் பரிந்துரைக்க எவர் இருந்தார்? பொதுத் தேர்வு என்ற ஒன்று வந்த பின்னரே மிராசுதாரர் மகனும் அவருடைய பண்ணையில் உழைத்தவரின் மகனும் ஒரே படியால் அளக்கப்பட்டனர். அந்தப் படி பிழையுள்ளதாக இருக்கலாம். ஆயினும் அது எல்லார்க்கும் பொதுவானது. கூட்டுறவு இயக்கத்தில் இருப்பவர்கள் இந்தப் பொதுவை எளிதாக இகழ்ந்துவிடக் கூடாது.

கைவேலைக்கு மதிப்புத் தர வேண்டும் என்று பேசப் புகுந்தால், நம் மாநிலத்தில் ஒரு பழைய காயம் நினைவுக்கு வருவதும் இயல்பே. 1953 இல் இராஜாஜியின் அரசாங்கம் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய வேளையில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று அது கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. 1954 இல் காமராசர் முதலமைச்சரானபின் கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது நன்றே என்பது நம் கருத்து. நாம் இங்கே பேசும் பணிக் குறிப்பேடு அத்திட்டத்தின் மறுபதிப்பு அன்று. தகப்பனார் செய்கிறார் என்பதற்காக மகன் செய்யும் வேலைக்குக் குறிப்பேடு தேவையில்லை. எவர் வீட்டுப் பிள்ளையாயினும் ஒரு வேலையை ஏன் செய்கிறோம் என்று அறிந்து செய்து, செய்த நாளையும் கண்ட அளவையும் எழுதி, ஆசிரியர் பார்த்துத் திருத்திக் கையெழுத்திட்டது குறிப்பேடு. அதை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளை எந்த ஊருக்கும் போகலாம். தகப்பனாரின் தறியை அப்படி எடுத்துக்கொண்டு போக முடியாது.

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழிலே பாடங்களுக்கு நடுநாயகமாக வைக்கப்பட்டது. தக்ளியில் நூற்ற நூலை அளந்து எழுதுவதிலேயே பிள்ளைகள் கணக்கும் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அக்கல்வி பரவாமல் போனதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் புக இது இடமன்று. சின்னாளபட்டி நெசவாளர்களுக்கு அண்டையில் 1947 இல் தோன்றிய காந்திகிராமம் அந்தச் சிந்தனையை உயர்கல்வி வரை கொண்டுசென்றது என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்வோம்.

பணிக் குறிப்பேட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்கும் அங்கத்தினர்களுக்கு ஒரே ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டுகிறோம். கைத்தறித் தொழில்நுட்பம் பயிலும் மாணவர் எவரும் முதலாண்டிலேயே செய்யும் சோதனை அது: நூலின் நெம்பரைக் கண்டுபிடித்தல்.

பருத்தி நூலில் ஒரு சிட்டம் என்பது 840 கெஜம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுவே அந்நூலின் நெம்பர். 60 ஆம் நெம்பர் நூல் ஒரு பவுண்டில் 60 சிட்டம், அதாவது 50,400 கெஜம் இருக்கும். 80 ஆம் நெம்பரில் 67,200 கெஜம் இருக்கும். இது நம் நெசவாளர் பலரும் அறிந்ததே. இதைச் சோதிக்கும் வழிதான் பலர் அறியாதது. ஒன்றரைக் கெஜம் சுற்றளவுள்ள கருவியில் நூலை 80 சுற்றுச் சுற்றினால் 120 கெஜம் கிடைக்கும். சிட்டத்தில் ஏழில் ஒரு பங்கான இதனை ‘லீ’ என்பர். இதைக் கிராமில் நிறுத்து, 64.8 என்ற எண்ணை அந்த எடையால் வகுத்தால் நெம்பர் வந்துவிடும். 1.08 கிராம் இருந்தால் 60, 0.81 கிராம் இருந்தால் 80. நூல் கட்டின் மேல் எந்தச் சீட்டு ஒட்டியிருந்தாலும் உள்ளே இருக்கும் நூல் தன் நெம்பரை மறைக்க முடியாது.

இந்தச் சிறு சோதனையால் என்ன வந்துவிடும்? நாம் ஆய்வுக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். அங்கத்தினர் தம் நூலைச் சிட்டமாகவே வாங்கிச் சென்று பாவு ஓட்டிக்கொள்ளும் வழக்கமுள்ள சங்கம் அது. அறுபது வயது கடந்த அங்கத்தினர் ஒருவருக்குப் பத்துச் சேலைக்கான பாவு நூல் வழங்கப்பட்டிருந்தது. 48 அங்குல அகலம், அங்குலத்துக்கு 60 இழை. ஆக 2,880 இழை. நீளம் 60 கெஜம். கரையும் கழிவும் நீங்கலாக, வேண்டிய நூல் 1,72,800 கெஜம். 80 ஆம் நெம்பரில் இதன் எடை ஏறத்தாழ 1,166 கிராம். எழுத்தர் கணக்குப் போட்டு அந்த எடையைச் சரியாகவே நிறுத்துக் கொடுத்திருந்தார். ஆனால் பாவு 45 கெஜத்திலேயே நின்றுவிட்டது. மீதி நூல் எங்கே என்பது கேள்வி. பெரியவர் நூலை வெளியே விற்றுவிட்டார் என்று சொல்லத் தொடங்கினார்கள். அவருடைய கூலியில் பிடித்தம் செய்யலாமா என்று குழுவில் பேச்சும் வந்துவிட்டது. “விரலுக்கே தெரிகிறதே ஐயா, இது எண்பது இல்லை” என்று அவர் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய விரலைச் சாட்சியாக ஏற்கப் பதிவேட்டில் இடமில்லை.

அப்போது அச்சங்கத்துக்குச் செய்முறைப் பயிற்சிக்காக வந்திருந்த தொழில்நுட்ப மாணவி ஒருவர், மீந்திருந்த அதே கட்டிலிருந்து ஒரு சிட்டத்தை எடுத்து அளந்து நிறுத்தார். 1.08 கிராம். மேலும் நான்கு முறை நிறுத்தும் சிறு ஏற்ற இறக்கத்தோடு அதே எடைதான் வந்தது. நூல் இருப்பறையில் 60 ஆம் நெம்பர்க் கட்டு ஒன்று 80 ஆம் நெம்பர் வரிசையில் கலந்து கிடந்திருக்கிறது. 1,166 கிராம் எடையுள்ள 60 ஆம் நெம்பர் நூலில் 1,29,600 கெஜமே இருக்கும். அதை 2,880 இழையால் வகுத்தால் கிடைப்பது 45 கெஜம். பெரியவரின் பாவு நின்ற இடமும் அதுவே. ஓர் அங்குலமும் அவர் எடுக்கவில்லை.

அங்கே எழுத்தராக இருந்தவர் வணிகவியல் பட்டதாரி, கெட்டிக்காரர். ஐந்தொகையை ஒரு பைசா பிசகாமல் எடுத்து நம்மிடம் காட்டினார். அவர் படித்த படிப்பு வீண் என்று எவரேனும் சொன்னால் நாம் ஒப்ப மாட்டோம். பெருக்கலும் வகுத்தலும் அவர் பக்கம் சரியாகவே இருந்தன. அவர் கையில் எடுத்துப் பார்த்திராதது நூல் ஒன்றுதான். மாணவிக்கோ இரட்டைப் பதிவுக் கணக்கு தெரியாது. அவ்விருவருக்கும் இடையில் பெரியவரின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சங்கத்துக்கு இருவகைத் தகுதியும் வேண்டும் என்பதையும், எந்தத் தகுதி எவரிடம் இருக்கிறது என்று சான்றிதழை மட்டும் பார்த்துக் கண்டுகொள்ள முடியாது என்பதையும் இதைவிடத் தெளிவாகக் காட்ட நம்மால் இயலாது.

அம்மாணவியின் குறிப்பேட்டைப் பிறகு நாம் வாங்கிப் பார்த்தோம். நெம்பர்ச் சோதனைப் பக்கத்தில் பத்து அளவுகள் எழுதப்பட்டிருந்தன. ஒன்றோடொன்று முற்றும் ஒத்தவை அல்ல. நடுவில் ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து ‘மீண்டும் செய்க’ என்று எழுதியிருந்தார். அதன்கீழ் வேறு தேதியில் வேறு பத்து அளவுகள். குறிப்பேட்டைப் பார்க்கும் நிர்வாகக் குழுவினர் இதைத்தான் கவனிக்க வேண்டும். அட்டை போட்டு, வண்ணப் பென்சிலால் படம் வரைந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் அச்சடித்ததுபோல் இருக்கும் குறிப்பேடு பெரும்பாலும் முந்திய ஆண்டு மாணவரின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதியதாக இருக்கும். பத்து இடத்திலும் 0.81 என்றே எழுதியிருந்தால், அந்தக் கை தராசைத் தொடவில்லை என்று கொள்ளலாம். உண்மையாக அளந்தவருடைய அளவு சற்று முன்பின்னாகத்தான் வரும். தேதிகள் தொடர்ந்து இருக்கின்றனவா, தவறு கண்ட இடத்தில் என்ன செய்தார் என்று பார்த்தாலே ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். எஞ்சிய பாதிக்கு, ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, “இதை எப்படிச் செய்தீர்கள், சொல்லுங்கள்” என்று கேட்டால் போதும். செய்தவர் சொல்லத் தொடங்கும்போதே கையை அசைத்துக் காட்டுவார்.

நிலத்தில் உழைக்கும் அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். வேளாண் பட்டப்படிப்பில் மாணவர்கள் கிராமங்களில் தங்கி உழவர்களோடு வேலை செய்து குறிப்பெழுதும் ஏற்பாடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் உரக் கிடங்குக்கு எதிரிலேயே அவர்கள் குடியிருந்துவிட்டுப் போகிறார்கள்; சங்கம் அவர்களைக் கண்டுகொள்வதில்லை. யூரியா மூட்டை 2018 முதல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. பழைய மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து இருந்தது. புது மூட்டையில் 20.7 கிலோதான். ‘ஏக்கருக்கு இரண்டு மூட்டை’ என்று தகப்பனார் காலத்து வழக்கப்படி போடுகிறவருக்கு 46 கிலோவுக்குப் பதில் 41.4 கிலோவே நிலத்தில் விழுகிறது. மண் ஆய்வுச் சீட்டில் ஏக்கருக்கு 50 கிலோ தழைச்சத்து என்று இருந்தால், வேண்டிய யூரியா சுமார் 109 கிலோ. மூட்டைக் கணக்கில் இரண்டும் கால் பங்குக்கு மேலும். இதைச் சீட்டைப் பார்த்து மூட்டையாக மாற்றிச் சொல்லும் ஒருவர் உர விற்பனை மேசையில் இருந்தால் அங்கத்தினரின் பணமும் மிஞ்சும், பயிரும் மிஞ்சும். அப்படிச் சொல்லக்கூடியவர் யார் என்பதை அந்த மாணவரின் வயல் குறிப்பேடு காட்டும். நெல் விதைக்கு முளைப்புச் சோதனை செய்த பக்கம் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நூறு நூறாக நானூறு விதையை எண்ணி வைத்துப் பதினான்காம் நாள் கணக்கெடுத்தவர், விதை மூட்டையின் மேலுள்ள அட்டையை வெறுமனே நம்ப மாட்டார்.

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம். குறிப்பேடுகளை மாணவர்கள் பார்த்து எழுதுகிறார்கள் என்று குறை கூறுகிறோம். அவற்றில் கையெழுத்திடுவது யார்? பட்டயப் பயிற்சி மாணவரோ கல்லூரி மாணவரோ சங்கத்துக்கு முப்பது நாள் பயிற்சிக்கு வருகிறார். முதல் நாள் வருகிறார். செயலாளர் காபி வாங்கிக் கொடுத்து, “உனக்கு ஏனம்மா சிரமம், கடைசி நாள் வந்து கையெழுத்து வாங்கிக்கொள்” என்று அனுப்பிவிடுகிறார். கடைசி நாளில், நாள்வழிச் சிட்டை எழுதப் பழகினார், பேரேடு பதியப் பழகினார், சரக்கிருப்புச் சரிபார்த்தார் என்று சங்கத்தின் முத்திரையோடு சான்று கொடுக்கப்படுகிறது. பிள்ளைகள் பாவம், ஒரு கையெழுத்துத்தானே என்பது நம்மவர் கூறும் சமாதானம். தகுதியற்றவர்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள் என்று மகாசபையில் எழுந்து முழங்குபவர்களும் இவர்களே!

இதன் விளைவைக் கைத்தறி நெசவாளர்களுக்கு நாம் விளக்கவே வேண்டியதில்லை. 2006 இல் கைத்தறி முத்திரை ஏற்படுத்தப்பட்டது எதற்காக? தறியில் நெய்ததையும் விசைத்தறியில் ஓட்டியதையும் வாங்குபவர் பிரித்தறிவதற்காக. விசைத்தறித் துணியில் எவரேனும் அம்முத்திரையைக் குத்தி விற்றால் நாம் கொதிக்கிறோம். அந்த ஒரு துணியில் பொய் சொல்லப்பட்டது என்பதோடு அது நிற்பதில்லை. உண்மையில் கையால் நெய்த ஆயிரம் சேலைகளின் முத்திரையும் அன்றே மதிப்பிழக்கிறது. செய்யாத வேலைக்குச் சங்கம் தரும் சான்றும் அதே தொழிலைத்தான் செய்கிறது. முப்பது நாளும் வந்து, நூல் தூசியில் தும்மிக்கொண்டு இருப்புக் கணக்கெடுத்த பிள்ளையின் சான்றும், ஒரு காபியோடு திரும்பிய பிள்ளையின் சான்றும் ஒரே வாசகத்தில், ஒரே முத்திரையோடு இருக்கின்றன. ஆகவேதான் எவரும் அச்சான்றைப் படிப்பதில்லை. படிக்காததால் மறுபடியும் மதிப்பெண்ணுக்கே போகிறோம். இந்த வட்டத்தைத் தொடங்கி வைத்தது கல்லூரி அன்று, நாம்தான்.

பணப் பொறுப்பையும் நினைவூட்ட வேண்டும். 1983 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1988 இல் நடைமுறைக்கு வந்தது. சங்கத்தின் நிதிக்குக் கேடு விளைத்தவர்கள்மீது தண்டத் தீர்வை விதிக்க அதன் 87 ஆம் பிரிவு இடமளிக்கிறது. வேண்டுமென்றே காட்டிய அலட்சியமும் அப்பிரிவுக்குள் வரும். கிடங்குப் பொறுப்பைக் கிடங்கைப் பார்த்தேயிராதவரிடம் கொடுத்துவிட்டு, “அவர் பட்டதாரி ஆயிற்றே, நாங்கள் என்ன செய்வது” என்று விசாரணையில் கூறும் குழுவினரை நாம் கண்டிருக்கிறோம். அந்த விடை அங்கே செல்லுபடியாவதில்லை. 

வேறொரு தடையும் சொல்லப்படும். “பல பதவிகளுக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் தேர்வு வைத்து ஆளை அனுப்புகிறது. குறிப்பேட்டைப் பார்த்து நாங்கள் எப்படித் தேர்ந்தெடுப்பது?” நியாயமான கேள்வி. வேலையில் சேர்ப்பது வேறு. சேர்ந்தவரை எந்த மேசையில் உட்கார வைப்பது என்பது வேறு. தேர்வில் தேறி வந்த இருவரில் ஒருவர் தணிக்கைப் பயிற்சியில் மெய்யாகவே வேலை செய்தவராக இருப்பார். மற்றவர் சரக்கறையில் பழகியவராக இருப்பார். முதல் நாளே குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி ஒரு மணி நேரம் அவரோடு பேசினால் எவரை எங்கே வைக்கலாம் என்பது தெரியும். இன்று பெயர் அகரவரிசைப்படியோ, எந்த நாற்காலி காலியாக இருந்ததோ அதன்படியோ அது தீர்மானமாகிறது. 2022 இல் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தபின், கணினிச் சான்றிதழ் ஒன்றே போதும் என்ற எண்ணமும் பரவி வருகிறது. பற்று எது, வரவு எது என்று காகிதத்தில் தடுமாறியவர் கணினியில் விரைவாகத் தடுமாறுவார். வேறு வித்தியாசம் இராது.

சான்றிதழே இல்லாத அங்கத்தினர்களை மறந்துவிட்டுப் பட்டதாரிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதும் முறையன்று. தன் விரலால் நெம்பரைச் சொன்ன அந்தப் பெரியவரிடம் ஐம்பது ஆண்டுத் தொழில் இருந்தது. ஒரு காகிதம்கூட இல்லை. ஆனால் உண்மையில் காகிதம் இருக்கிறது. நம் அலமாரியில்தான் இருக்கிறது. எந்த மாதம் எத்தனை பாவு வாங்கினார், எந்த ரகம் நெய்தார், எத்தனை சேலை ஒப்படைத்தார், எதில் குறை கண்டு கழிக்கப்பட்டது என்பதெல்லாம் சங்கத்தின் கூலிப் பதிவேட்டிலும் உற்பத்திப் பதிவேட்டிலும் ஆண்டுக்கணக்காக எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் கல்லூரி மாணவரின் குறிப்பேடும் அவ்வளவு நீளமானதல்ல. அவ்வளவு நம்பிக்கைக்கு உரியதும் அல்ல, ஏனெனில் ஒவ்வொரு வரிக்கும் கூலி கொடுத்திருக்கிறோம். 2015 இல் தொடங்கிய மத்திய அரசின் திறன் வளர்ப்புத் திட்டத்தில், பள்ளிக்கு வெளியே கற்ற திறனைச் சோதித்து ஏற்றுச் சான்று வழங்கும் பகுதி உண்டு. நெசவாளரும் அவர் குடும்பத்தாரும் தேசியத் திறந்தவெளிப் பள்ளியிலும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் கற்பதற்கு 2016 இல் மத்திய ஜவுளி அமைச்சகம் உடன்பாடு செய்துகொண்டது. இவற்றுக்கு விண்ணப்பிக்கும் அங்கத்தினர், தம் பெயரிலுள்ள பதிவுகளின் சான்றிட்ட பகர்ப்பைக் கேட்டால், “அதெல்லாம் தணிக்கைக்குப் போயிருக்கிறது” என்று திருப்பி அனுப்பும் வழக்கத்தைச் செயலாளர்கள் விட்டுவிட வேண்டும். கேளாதவர்க்கும் எடுத்துச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். எழுத்தருக்கு அரை நாள் வேலை.

பழைய சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்பது தனித் தாளாக இராமல் ஒரு சிறு புத்தகமாகவே வழங்கப்பட்டது. வயதில் மூத்த அங்கத்தினர்கள் வீட்டுப் பெட்டியில் இன்னும் அது இருக்கக்கூடும். புத்தகம் சுருங்கித் தாளாயிற்று. தாள் சுருங்கி இப்போது கைப்பேசியில் ஒரு படமாக வந்துவிட்டது. எடுத்துச் செல்ல வசதிதான். ஆனால் ஒவ்வொரு சுருக்கத்திலும், அந்தப் பிள்ளை என்ன செய்தார் என்ற செய்திக்கு இடம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

ஆகவே சங்கங்களை நாம் கேட்டுக்கொள்வது பெரிய செலவுள்ள காரியமன்று. விண்ணப்பப் படிவத்தில், செய்முறைக் குறிப்பேடு இருந்தால் நேர்காணலுக்குக் கொண்டுவருக என்று ஒரு வரி சேர்க்கலாம். பயிற்சிக்கு வரும் மாணவர்க்குத் தனி வருகைப் பதிவேடு வைத்து, எந்த நாள் என்ன வேலை செய்தார் என்று அவர் கையாலேயே எழுதச் செய்து, அன்றன்று மாலையில் செயலாளர் சுருக்கொப்பமிடலாம். வராத நாளுக்கு ஒப்பம் இல்லை என்று முதல் நாளே நயமாகச் சொல்லிவிடலாம்; காபி எல்லா நாளும் கொடுக்கலாம். பயிற்சி முடிவில் தரும் சான்றில் அச்சடித்த வாசகத்தை விட்டு, அவர் மெய்யாகச் செய்த வேலை இன்னது என்று நான்கு வரி எழுதினால் போதும். நெசவாளர் சங்கங்கள், மாணவர் வரும் நாளில் நூல் இருப்பறையில் ஒரு மேசையும், ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறு தராசு ஒன்றும் ஒதுக்கிக் கொடுத்து, புதிதாக வந்திறங்கும் நூல் கட்டுகளின் நெம்பரைச் சோதித்து எழுதும் வேலையை அவர்களிடமே ஒப்படைக்கலாம். தராசு வாங்கும்வரை ஊரிலுள்ள நகைக்கடையில் நிறுத்துக்கொள்ளலாம். நாம் மேலே சொன்ன சங்கத்திலும் முதல் முறை அப்படித்தான் நிறுத்தார்கள். கடைக்காரர் கூலி வாங்கிக்கொள்ளவில்லை.